மருத்துவமனைக் காற்றும் ஒரு மெக்கானிக்கல் மாணவனும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் வடை பாயசத்தோடு சாப்பாடு. உங்களுக்குத் தூக்கம் வந்தால் அதற்குப் பாதிக் காரணம் என் பேச்சு. மீதிக் காரணம், ஏ.சி. போடுகிறோம் என்று இந்த ஹாலின் ஜன்னல்களை எல்லாம் சாத்தி வைத்திருப்பது. முந்நூறு பேர் விட்ட மூச்சையே முந்நூறு பேரும் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறோம். தூக்கம் வராமல் என்ன செய்யும்? செயலாளர் மன்னிக்கவேண்டும். நான் பேசவந்த விஷயமே இதுதான்.

நான் மெக்கானிக்கல் மாணவன். மூன்றாம் பெஞ்ச். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மருத்துவமனைகளுக்கு ஏர்கண்டிஷன் போடுவதுதான் என் பிழைப்பு. ஊரில் யாராவது என் அப்பாவிடம் 'பையன் என்ன பண்றான்?' என்று கேட்டால், 'ஆஸ்பத்திரியில வேலை' என்பார். டாக்டர் என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்.

வீட்டு ஏ.சி.க்கும் ஆபரேஷன் தியேட்டர் ஏ.சி.க்கும் வேலை வேறு. வீட்டில் குளிர்ந்தால் போதும். தியேட்டரில் அறுத்துத் திறந்த உடம்பு இருக்கிறது. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். மனிதத் தோல் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல் செதில்களில் ஒரு பகுதி பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு மிதக்கிறது. அவை காயத்தின் மேல் படியாமல் காற்றால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். நம் நாட்டில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பு, தியேட்டரின் காற்று மணிக்கு 20 தடவையாவது மாறவேண்டும், அதில் 4 தடவை வெளிக்காற்றாக இருக்கவேண்டும், பக்கத்து அறையைவிடத் தியேட்டரில் 2.5 பாஸ்கலாவது அழுத்தம் கூட இருக்கவேண்டும் என்று சொல்கிறது. 2.5 பாஸ்கல் என்றால் கால் மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடை, அவ்வளவுதான். அந்தக் கால் மில்லிமீட்டர்தான் வராந்தாக் காற்றைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது.

காற்றுக்கு இவ்வளவு மரியாதை தேவையா என்ற சந்தேகம் டாக்டர்களுக்கே ஒரு காலத்தில் இருந்தது. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்பவர் ஒரு காரியம் செய்தார். காசநோயாளிகள் இருந்த ஆறு அறைகளிலிருந்து வெளியேறும் காற்றை டக்ட் வழியாக மேலே கொண்டுபோய், கினிப் பன்றிகள் இருந்த கூண்டுக்குள் விட்டார். நோயாளியை அந்தப் பிராணிகள் பார்த்ததுகூட இல்லை. காற்று மட்டும்தான் போனது. அவற்றுக்குக் காசநோய் வந்தது. அதே காற்றை அல்ட்ரா வயலட் விளக்கைத் தாண்டி அனுப்பிய கூண்டில் வரவில்லை. கிருமியை ஊர் ஊராக ஏற்றிப்போகும் பஸ் நம்முடைய டக்ட்தான் என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டமுடியாது.

இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு வழிவகுத்த ஜான் சார்ன்லியும் 1960களில் காற்றோடு மல்லுக்கட்டினார். ஆரம்பத்தில் அவருடைய நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல் உள்ளே சீழ் பிடித்தது. தியேட்டருக்குள் கண்ணாடி அறை மாதிரி ஒரு கூண்டு கட்டி, வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழே இறக்கினார். கையுறை, உடை, தையல் போடும் முறை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே வந்தார். கடைசியில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. காற்றால் எவ்வளவு, கையுறையால் எவ்வளவு என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம், மூட்டு மாற்றுச் சிகிச்சையில் தொற்றைக் குறைக்கிறேன் என்று விலையுயர்ந்த லாமினார் ஃப்ளோ போடவேண்டாம் என்றே பரிந்துரைத்தது. என்னைப் போல் அதை விற்றுச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது கசப்பான செய்தி. இருந்தாலும் உங்களிடம் மறைப்பது முறையல்ல.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். தென்மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர், ஒரே ஒரு தியேட்டர் உள்ள மருத்துவமனை. ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் அறை. ஏ.எச்.யூ. என்று சொல்கிற காற்றுப் பெட்டியின் டிராயிங் முழுக்க நான் போட்டது. காசு போதவில்லை என்று ஹெப்பா ஃபில்டரை 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவைத்தார்கள். அதற்குக் கீழ்ப்பட்ட இரண்டு வரிசை ஃபில்டர்கள் மட்டும், இரண்டும் காயிலுக்கு முன்னால். ஓட்டிக் காட்டினோம். காற்றின் அளவு சரி, குளிர் சரி, அழுத்தம் சரி. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, மாலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

ஒரு வருடம் கழித்து மழைக்காலத்தில் போன் வந்தது. அங்கே தியேட்டர் சிஸ்டர் ஒருவர், மிகவும் கண்டிப்பானவர், மாதா மாதம் அகார் தட்டு வைத்துப் பார்ப்பார். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தூரம், ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வைப்பது. பிறகு லேபுக்கு அனுப்பினால் எத்தனை காலனி முளைத்தது என்று எண்ணிச் சொல்வார்கள். அந்த மாதத் தட்டில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். ஆஸ்பெர்ஜில்லஸ் என்று ரிப்போர்ட். நம் ஊர்ச் சுவரிலும் மண்ணிலும் தாராளமாக இருப்பதுதான். ஆனால் இருக்கக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது தியேட்டர்.

ஃபார்மலின் புகை போட்டார்கள். (ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2004-இலேயே வகைப்படுத்திவிட்டார்கள். அப்படியும் பல ஊர்களில் அந்தப் பழக்கம் விடவில்லை.) மறுநாள் தட்டு சுத்தம். நான்காம் நாள் மறுபடி பூஞ்சணம். திரும்பவும் புகை, திரும்பவும் பூஞ்சணம். தலைமை மருத்துவர் தியேட்டரைப் பூட்டிவிட்டு எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது பூட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது.

முதலில் தியேட்டருக்குள் தேடினேன். மூலை, சீலிங், கதவு ரப்பர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. மொட்டை மாடியில் ஏ.எச்.யூ. அறைக்குப் போனேன். அங்கே ஆபரேட்டர் ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஜெனரேட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர். நான் டார்ச் அடித்து மெஷினின் வெளிப்புறத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு சொன்னார்:

'தம்பி, ஒண்ணு சொல்லலாமா? ஃபேன் ஓடும்போது அந்த டிரெயின் பைப்புல சொட்டுத் தண்ணி வராது. ஆஃப் பண்ணினா மடமடன்னு ஊத்தும். ஓடும்போது உள்ள குளுகுளுன்னு கொப்புளிக்கிற சத்தம் கேக்கும்.'

'எத்தனை நாளா அண்ணே?'

'நாலஞ்சு மாசம் இருக்கும்.'

'யார்கிட்டயும் சொல்லலையா?'

'யாரு கேட்டா?'

கதவின் போல்ட்டைக் கழற்றித் திறந்தோம். காயிலுக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தட்டு விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. மேலே பாசி மாதிரி வழவழப்பு. ஃபேன் பகுதிச் சுவரில் உள்பக்கமாக ஒட்டியிருந்த கண்ணாடிப் பஞ்சு நனைந்து, கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தது. நாற்றம் சொல்லவேண்டாம். தியேட்டரின் காற்று முழுவதும் மணிக்கு இருபது தடவை இந்தக் குட்டையைத் தடவிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே இவர்கள் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாணவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், பாடம் இங்கேதான் இருக்கிறது. சைக்ரோமெட்ரிக் சார்ட் ஞாபகம் இருக்கிறதா? நம் கடலோர வெளிக்காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் இருபது கிராம் அளவுக்கு ஈரம் இருக்கும். காயிலைத் தாண்டும்போது எட்டு ஒன்பது கிராம்தான் மிஞ்சும். மீதியெல்லாம் தண்ணீர். அந்தத் தியேட்டருக்குத் தேவையான வெளிக்காற்றை வைத்துக் கணக்குப் போட்டால் மணிக்கு ஐந்தாறு லிட்டர் வருகிறது. இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு குடம். அது முழுவதும் தட்டிலிருந்து பைப் வழியாக வெளியே போயாகவேண்டும்.

ஆனால் அந்தப் பெட்டியில் காயில் இருப்பது ஃபேன் உறிஞ்சுகிற பக்கம். உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. பைப் வழியாகத் தண்ணீர் வெளியே வரப் பார்க்கும், காற்று உள்ளே போகப் பார்க்கும். அதற்குத்தான் யூ வடிவத்தில் டிராப் வைக்கிறோம், நம் வீட்டு வாஷ் பேசினுக்குக் கீழே இருக்கிற மாதிரி. அதில் நிற்கிற தண்ணீரின் உயரம் ஃபேன் உறிஞ்சுவதைவிட அதிகமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காற்று ஜெயிக்கும், தண்ணீர் உள்ளேயே நிற்கும். மேனோமீட்டர் வைத்துப் பார்த்தேன். உறிஞ்சும் அழுத்தம் 75 மில்லிமீட்டர் தண்ணீர். டிராப் 50 மில்லிமீட்டர்.

டிராயிங்கில் 50 என்று எழுதியது யார்? நான்தான். ஏன் 50? அதற்கு முன் ஒரு வங்கிக் கிளைக்குப் போட்ட டிராயிங்கிலிருந்து அந்த மூலைப் படத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். வங்கியில் மெல்லிய வலை ஃபில்டர், உறிஞ்சல் 25-ஐத் தாண்டாது, 50 தாராளம். மருத்துவமனையில் இரண்டு வரிசை ஃபில்டர். புதிதாக இருக்கும்போது 40 காட்டியிருக்கும். அதனால்தான் ஓட்டிக் காட்டிய அன்று தண்ணீர் ஒழுங்காக வடிந்தது. ஃபில்டரில் தூசி அடைய அடைய உறிஞ்சல் ஏறியது. ஒரு நாள் 50-ஐத் தாண்டியது. யாருக்கும் தெரியவில்லை, அந்த ஆபரேட்டர் அண்ணனைத் தவிர.

ஹாஸ்டலில் விடிய விடிய ரெக்கார்டு நோட்டைக் காப்பி அடித்தவர்கள் இந்த ஹாலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், நானும் உங்களில் ஒருவன்தான். முன் வரிசையில் சார் உட்கார்ந்திருக்கிறார். ஏ.சி. லேபில் ஒரு தடவை என் ரீடிங்கைப் பார்த்துவிட்டு, 'இது போன பேட்ச் ரீடிங்காச்சே, அன்னிக்கு மழை பெஞ்சுது. இன்னிக்கு வெயில் அடிக்குதே தம்பி' என்றார். ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. மொட்டை மாடியில் மேனோமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்தக் குரல் காதில் கேட்டது.

வேலையை முடிக்க ஒன்பது நாள் ஆனது. நனைந்த பஞ்சு முழுவதையும் பிய்த்து எறிந்தோம். தட்டை ஒரு பக்கம் சரிவாக இருக்கும்படி மாற்றி வைத்தோம். டிராப்பை 150 மில்லிமீட்டர் ஆக்கினோம். ஃபில்டர் அடைப்பைக் காட்டும் கேஜ் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாட்டி, எந்தக் கோட்டைத் தொட்டால் ஃபில்டரை மாற்றவேண்டும் என்று சிவப்புப் பெயிண்டால் ஆபரேட்டர் அண்ணன் கையாலேயே குறிக்கச் சொன்னேன். சிஸ்டர் மூன்று நாள் தொடர்ந்து தட்டு வைத்துப் பார்த்துத்தான் தியேட்டரைத் திறக்க ஒப்புக்கொண்டார். மொத்தம் பதினொரு நாள் பூட்டியிருந்தது.

அந்தப் பதினொரு நாளில் ஒரு ராத்திரி, பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். சிசேரியன் செய்தாகவேண்டும். தியேட்டர் பூட்டு. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். கொட்டுகிற மழை. அந்தப் பெண்ணின் அம்மா, கையில் ஒயர் கூடையோடு, 'இங்க ஏன் பாக்க மாட்டேங்கிறீங்க, இங்க ஏன் பாக்க மாட்டேங்கிறீங்க' என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடமும் கேட்டார். நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லையென்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். தாயும் சேயும் நலம் என்று மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் செய்தி வந்தது. அதுவரை நான் எப்படி இருந்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

பூட்டுவதற்கு முந்தைய மாதத்தில் இரண்டு நோயாளிகளுக்குத் தையலில் சீழ் பிடித்திருந்ததாகவும் சிஸ்டரின் நோட்டில் இருந்தது. சர்ஜனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். 'அது ஸ்டஃபிலோகாக்கஸ். தோலிலிருந்தோ எங்கள் கையிலிருந்தோ வந்திருக்கும். உங்கள் பூஞ்சணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை' என்றார். சற்றுப் பொறுத்து, 'இல்லை என்று சத்தியம் பண்ணவும் முடியாது' என்றார். இரண்டு பேரும் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்தத் துறையில் பெரும்பாலும் இப்படித்தான். பாலம் இடிந்தால் எந்தத் தூண் என்று காட்டிவிடலாம். காற்றில் வந்த கிருமிக்குக் கையெழுத்து கிடையாது.

அன்றிலிருந்து எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் தண்ணீரைத்தான் தேடுகிறேன். உலகம் முழுக்க இதே கதைதான். 1976 ஜூலையில் பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் பழைய படைவீரர்கள் மாநாடு கூட்டினார்கள். புரியாத நிமோனியா வந்து 34 பேர் இறந்துபோனார்கள். காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க ஐந்தாறு மாதம் ஆயிற்று. அதற்கு லீஜியோனெல்லா என்று பெயர். சந்தேகம் ஏர்கண்டிஷனின் கூலிங் டவர் மேல்தான் விழுந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்து, சாரலோடு காற்றில் ஏறுகிற ஜாதி அது. நம் ஊர் மாடித் தொட்டித் தண்ணீரின் சூடு அதற்கு மிகவும் பிடிக்கும்.

அதைவிட என்னை உலுக்கியது 2015-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட செய்தி. இருதய ஆபரேஷனின்போது ரத்தத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் ஒரு தண்ணீர் மெஷினைத் தியேட்டருக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அதன் தண்ணீர் ரத்தத்தைத் தொடவே தொடாது. ஆனால் தொட்டியில் வளர்ந்த மைக்கோபாக்டீரியம் நுண்துளியாகக் கசிந்து, மெஷினின் ஃபேன் காற்றில் ஏறி, திறந்த மார்புக்குள் இறங்கியிருக்கிறது. நோய் வெளியே தெரிய மாதங்கள், சில பேருக்கு வருடங்கள் ஆயின. தியேட்டர் கூரையில் உலகத்தரமான ஃபில்டர் இருந்து என்ன பயன்? குட்டை தரையில் உட்கார்ந்திருந்தது.

தியேட்டரைப் பற்றியே பேசிவிட்டேன். வார்டைப் பற்றிக் கொஞ்சம். நம் பழைய அரசு மருத்துவமனைகளைப் பார்த்திருப்பீர்கள். உயரமான கூரை, எதிரெதிராகப் பெரிய பெரிய ஜன்னல், மேலே வெண்டிலேட்டர். பெரு நாட்டின் லிமா நகரத்து மருத்துவமனைகளில் இதை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். ஜன்னல் கதவைத் திறந்துபோட்ட பழைய கட்டடங்களில் காற்று மணிக்குச் சராசரி 40 தடவை மாறியது. புதிய கட்டடங்களில் 17. மெஷின் வைத்த தனிமை அறைகளின் கணக்கு 12. நாம் என்ன செய்கிறோம்? அந்த மாதிரி வார்டில் ஃபால்ஸ் சீலிங் அடித்து, ஜன்னலை அடைத்து, ஸ்பிளிட் ஏ.சி.யை மாட்டி, 'டீலக்ஸ் வார்டு' என்று போர்டு வைக்கிறோம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை ஒரு துளிகூடக் கொண்டுவராது. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். ஒருவர் இருமிய காற்று நூற்றுக்கு ஒரு பங்காகக் குறைய, மணிக்கு 12 தடவை மாறினால் 23 நிமிடம், 6 தடவை மாறினால் 46 நிமிடம், 2 தடவைதான் என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். இது நம் இரண்டாம் வருட டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்தான், வேறொன்றும் இல்லை. 2020-லும் 2021-லும் கொரோனா வார்டுகளில் நான் பெரும்பாலும் செய்த 'இன்ஜினியரிங்' என்ன தெரியுமா? ஆணி அடித்து மூடிய ஜன்னல்களைக் கார்பெண்டரைக் கூட்டிப்போய்த் திறந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியது. பில் போடக்கூடக் கூச்சமாக இருந்தது. எல்லா இடத்திலும் ஜன்னல் போதாது, தியேட்டருக்கும் ஐ.சி.யு.வுக்கும் மெஷின் வேண்டும்தான். எனக்கும் சோறு வேண்டுமே.

சென்ற மாதம் அந்தச் சிறிய ஊர் வழியாகப் போனேன். ஆபரேட்டர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது ஒரு ஐ.டி.ஐ. பையன் பார்த்துக்கொள்கிறான். கேஜில் சிவப்புக் கோடு மங்கிப்போய், அதன்மேல் புதிதாக ஒரு கோடு போட்டிருந்தது. ஹெப்பா ஃபில்டரும் வந்துவிட்டது. கையில் ஊதுபத்தி கொண்டுபோயிருந்தேன். தியேட்டரில் யாரும் இல்லாத நேரம், கதவுக்கு வெளியே இடுக்குப் பக்கத்தில் கொளுத்திப் பிடித்தேன். புகை என் முகத்துக்கு வந்தது. அதாவது காற்று உள்ளேயிருந்து வெளியே வருகிறது. லட்ச ரூபாய் மீட்டர் சொல்கிற அதே பதிலைப் பத்து ரூபாய் ஊதுபத்தி சொன்னது. அந்தப் பையனிடம், 'டிரெயின் பைப்பில் தண்ணி எப்ப வருது தம்பி?' என்று கேட்டேன். 'ஓடும்போதே வருது சார். வராட்டா சிஸ்டர்கிட்ட சொல்லணும்னு அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்காரு' என்றான்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு, பொதுக்குழு தொடங்குவதற்கு முன், நம் ஏ.சி. லேபைத் திறந்துவைக்கத் துறைத் தலைவர் அன்புடன் சம்மதித்திருக்கிறார். அங்கே உள்ள அந்தப் பழைய ஏ.எச்.யூ.வின் கதவைக் கழற்றி, தட்டையும் டிராப்பையும் மாணவர்களோடு சேர்ந்து பார்க்கப்போகிறேன். நான் படித்த நான்கு வருடத்தில் அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. உள்ளே என்ன இருக்குமோ தெரியாது. ஊதுபத்தி நான் கொண்டுவருகிறேன். டார்ச் லைட்டும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும் யாராவது கொண்டுவாருங்கள்.

இப்போது தயவுசெய்து அந்தக் கடைசி இரண்டு ஜன்னலையாவது திறந்துவிடுங்கள்.